உட்கார்ந்தால் வலி, படுத்தால் இல்லை: முதுகு ஊசிக்குப் பின் வரும் தலைவலியும் கண் வழியே பார்க்கும் ஸ்கேனும்

“உட்கார்ந்தா வலிக்குதா, படுத்தா விட்டுடுதா?” முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர் யாராவது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தலைவலி என்று சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். வேறு எந்தப் பரிசோதனையும் இந்தக் கேள்வி அளவுக்கு எனக்கு உதவியதில்லை. கடலூர், பாகூர், புதுச்சேரி என்று சின்ன ஆஸ்பத்திரிகளுக்குக் கூப்பிடும் நேரத்தில் போய் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. காலையில் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிசேரியன், மதியம் பாகூரில் ஒரு குடலிறக்கம், சாயங்காலம் பாண்டியில் ஒரு கால் முறிவு என்று ஓடும்போது, என் கையால் ஊசி போட்டுக்கொண்டவரை மறுநாள் நானே போய்ப் பார்ப்பது எல்லா நாளும் நடப்பதில்லை. இந்தத் தலைவலியோ பெரும்பாலும் ஊசி போட்ட மூன்று நாளுக்குள் வருகிறது, அதாவது நான் வேறு ஊரில் இருக்கும்போது, சில சமயம் நோயாளி வீட்டுக்கே போய்விட்ட பிறகு.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. தலைப்பிரசவம், சிசேரியன், தாயும் பிள்ளையும் நலம். வீட்டுக்குப் போன பிறகு தலைவலி. “தலையில நீர் கோத்துக்கிச்சு” என்று சாம்பிராணி போட்டிருக்கிறார்கள், நெற்றியில் சுக்குப் பற்று, காதில் பஞ்சு. பச்சை உடம்பு என்று தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். எனக்குப் போன் வந்தபோது ஐந்தாவது நாள். “படுத்துக்கிட்டே பால் குடுத்தா ஒண்ணும் இல்ல சார். உக்காந்தா பிடரியிலேர்ந்து மண்டையே பிளந்துடும் போல இருக்கு, காதும் ஒரு மாதிரி அடைக்குது” என்றார் அந்தப் பெண். கேள்வி கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது. இப்படி ஒரு வலி வரலாம், வந்தால் உடனே சொல்லு என்று தியேட்டருக்குள் போகும் முன் நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தவறு, இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? மூளையும் தண்டுவடமும் ஒரே நீரில் மிதக்கின்றன. பெரியவர்கள் உடம்பில் அந்த நீர் எந்த நேரமும் ஏறக்குறைய 150 மில்லிதான் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு 500 மில்லி போலச் சுரந்து, அதே அளவு இரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை அந்த நீரில் மிதப்பதால் 50 கிராம் போலத்தான் கனக்கும். நாங்கள் முதுகில் ஊசி போடும்போது அந்த நீரைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்துத்தான் மருந்தை விடுகிறோம். ஊசி முனையில் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த நீர் வந்தால்தான் சரியான இடம் என்று தெரியும். ஊசியை எடுத்த பிறகு அந்தத் துளை பெரும்பாலானவர்களுக்குத் தானாக மூடிக்கொள்கிறது. சிலருக்கு மூடுவதற்கு நாளாகிறது, நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது, சுரக்கிற வேகம் அதற்கு ஈடுகொடுக்காமல் போகிறது.

படுத்திருக்கும்போது இடுப்புப் பகுதியில் அந்த நீரின் அழுத்தம் குறைவு. எழுந்து உட்கார்ந்ததும் மேலே இருக்கும் நீரின் கனம் முழுக்கக் கீழே இறங்கி, அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது, கசிவும் கூடுகிறது. மேலே மூளைக்கு மிதக்க நீர் போதாமல் அது கொஞ்சம் கீழே தொய்கிறது, தொய்யும்போது வலி உணரும் உறைகளையும் இரத்தக் குழாய்களையும் இழுக்கிறது. இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. மண்டை ஓடு மூடிய பெட்டி. அதற்குள் மூளை, நீர், இரத்தம் மூன்றும் சேர்ந்த அளவு மாறாது என்பதை 1783-ல் அலெக்சாண்டர் மன்றோவும் 1824-ல் ஜார்ஜ் கெல்லியும் எழுதி வைத்தார்கள். நீர் குறைந்தால் அந்த இடத்தை நிரப்ப இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அந்த விரிவும் வலிக்கிறது. கழுத்து இறுகுவதும் குமட்டுவதும் காது அடைப்பதும் சிலருக்குப் பொருள் இரண்டாகத் தெரிவதும் இதன் தொடர்ச்சிதான். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு மண்டைக்குள் நீண்ட தூரம் போகிறது, மூளை தொய்ந்தால் அது இழுபடும். ஆக, இது மனதில் தோன்றும் வலி இல்லை, தூக்கமில்லாத களைப்பும் இல்லை. ஒரு பானையில் விழுந்த ஓட்டை மாதிரி, காரணம் தெளிவாகத் தெரிந்த வலி.

இந்த வலியை முதன்முதலில் விவரமாக எழுதியவர்களில் ஒருவர் அதைத் தானே அனுபவித்தவர். ஜெர்மனியின் கீல் நகரில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த ஆகஸ்ட் பியர், 1898 ஆகஸ்ட் 16 அன்று ஒரு கூலித் தொழிலாளிக்கு முதுகில் கொகெயின் செலுத்தி கணுக்கால் ஆபரேஷன் செய்தார். முதுகுவழி மயக்கம் தொடங்கிய நாள் என்று அதைத்தான் சொல்கிறோம். அவர் ஊசி போட்ட நோயாளிகள் சிலருக்கு அப்புறம் தலைவலியும் வாந்தியும் வந்தன. காரணம் புரிய வேண்டும் என்று சில நாளிலேயே தன் உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் தன் முதுகையே காட்டினார். சிரிஞ்ச் ஊசியோடு சரியாகப் பொருந்தவில்லை, நிறைய நீர் வெளியே போய்விட்டது. மறுநாள் வந்த தலைவலியில் ஒன்பது நாள் படுக்கை. படுத்தால் போகிறது, எழுந்தால் வருகிறது, நீர் இழந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1899-ல் அவர் எழுதியது இன்றும் சரியாகவே இருக்கிறது.

நூற்றி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்த வலி ஏன் இன்னும் வருகிறது? ஊசியின் முனை முக்கியமான காரணம். நம் பக்கம் பெரும்பாலும் கையில் கிடைப்பது குவிங்கே ஊசி. 1891-ல் இடுப்பில் ஊசி போட்டு நீர் எடுக்கும் முறையைக் கொண்டுவந்த ஹைன்ரிக் குவிங்கே பெயரில் வழங்குவது. அதன் முனை சாய்வாகச் சீவியது, கத்தி போல உறையை அறுத்துக்கொண்டு போகும். இன்னொரு வகை பென்சில் முனை ஊசி. 1951-ல் விட்டேகர் ஊசியும் 1987-ல் ஸ்புரோட்டே ஊசியும் வந்தன. இவை அறுப்பதில்லை, இழைகளை விலக்கிக்கொண்டு போகின்றன, எடுத்ததும் இழைகள் திரும்பக் கூடிவிடும். 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் 110 ஆய்வுகளை, 31,000 பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முனை அறுக்கும் ஊசியில் 100-க்கு 11 பேருக்கு இந்தத் தலைவலி வந்தது, பென்சில் முனையில் 4.2 பேருக்கு. ஒரு ஊசியை மாற்றினால் பாதிக்கு மேல் குறைகிறது என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பென்சில் முனை ஊசி விலை கூடுதல். ஆஸ்பத்திரி ஸ்டோரில் வாங்கி வைப்பதற்குத் தயக்கம் இருக்கிறது, நாங்களும் பழகிய ஊசியையே கேட்டுப் பழகிவிட்டோம். இருபத்தைந்து வயதுப் பெண் சிசேரியனுக்கு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த விலை வித்தியாசத்தைப் பார்ப்பது சரியில்லை என்று நான் நினைக்கிறேன். இதை நோயாளியின் வீட்டார் தைரியமாகக் கேட்கலாம், கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

பருமனும் முக்கியம். 25 கேஜ் ஊசி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், 27 கேஜ் அதைவிட மெல்லியது, 22 கேஜ் முக்கால் மில்லிமீட்டரை நெருங்கும். எண் கூடினால் ஊசி மெலிகிறது. வலியில்லாப் பிரசவத்துக்கு எபிட்யூரல் போடும் 16, 18 கேஜ் ஊசி இவற்றைவிட ரொம்பத் தடிமன். அது உறைக்கு வெளியே நிற்க வேண்டிய ஊசி, தவறி உறையைத் துளைத்துவிட்டால் பாதிப் பேருக்கு மேல் தலைவலி வருகிறது. ஆளைப் பொறுத்தும் மாறும். இளவயதினர், பெண்கள், கர்ப்பிணிகள், ஒல்லியானவர்கள், முன்னால் ஒரு தடவை இந்த வலி வந்தவர்கள் ஆகியோருக்கு அதிகம். அறுபதைத் தாண்டிய தாத்தாக்களுக்கு புராஸ்டேட் ஆபரேஷனுக்கு எத்தனை பேருக்கு ஊசி போட்டாலும் இந்தப் புகார் அபூர்வம்.

தலையணை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஸ்பைனல், அதாவது இந்த முதுகு ஊசி, என்றாலே எல்லாருக்கும் நினைவிருப்பது அதுதான். “24 மணி நேரத்துக்குத் தலையைத் தூக்கக் கூடாது, தலையணை வைக்கக் கூடாது, தூக்கினா தலைவலி வந்துடும்” என்று வார்டில் சொல்லி அனுப்புவார்கள். அக்கறையில் சொல்வதுதான், நானும் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கிடந்தே இருப்பது இந்தத் தலைவலியைத் தடுக்கிறதா என்று முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளை, மருத்துவ ஆதாரங்களைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் என்ற பன்னாட்டுக் குழு தொகுத்துப் பார்த்ததில், தடுப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வந்த வலி படுத்தால் அடங்குகிறது, அதனால் முன்கூட்டியே படுத்திருந்தால் வராது என்று யாரோ என்றோ நினைத்திருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துளை இருக்கிறது, அது மூடுமா மூடாதா என்பதைத் தலையணை முடிவு செய்வதில்லை. அதோடு, பிரசவித்த பெண் எழுந்து நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் உறைய வாய்ப்பு கூடுகிறது, பிள்ளையை அணைத்துப் பால் கொடுக்கவும் சிரமம். கால் மரப்பு முழுக்க விட்டு, இரத்த அழுத்தம் சரியாக இருந்தால், துணையோடு எழுந்து உட்காரலாம். வலி வந்துவிட்டால் அப்போது படுப்பது வேறு விஷயம், அது நிவாரணம், படுத்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். ஒரு பக்கம் சிலர் லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்கிறார்கள், அதனால் இந்தத் தலைவலி தடுக்கப்படுவதில்லை. இன்னொரு பக்கம் நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரே கொடுப்பதில்லை, வயிறு பெருத்துவிடும், சளி பிடிக்கும் என்கிறார்கள். பால் சுரக்கிற உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். நீர் வற்றினால் அந்த வறட்சியே தனியாக ஒரு தலைவலி. தாகம் தீரக் குடிக்க விடுங்கள் என்பதுதான் நான் எல்லா அம்மாமார்களிடமும் சொல்வது.

இதுவரை சொன்னது எல்லாம் இது ஊசித் தலைவலிதான் என்று உறுதியானால். எனக்குப் பயம் வேறு இடத்தில். பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலி எல்லாம் ஊசியால் வருவதில்லை. கர்ப்பகால இரத்த அழுத்த நோய் பிள்ளை பிறந்த பிறகும் வாரக்கணக்கில் தலைகாட்டும், அதில் வரும் தலைவலி வலிப்பில் போய் முடியலாம். மூளையின் சிரைகளில் இரத்தம் உறைவது பிரசவித்த பெண்களிடம் மற்றவர்களைவிட அதிகம். அபூர்வமாக மூளை உறைக் காய்ச்சல். அப்புறம், ஊசித் தலைவலியையே கவனிக்காமல் விட்டால், மூளை தொய்ந்து தொய்ந்து உறைக்கு அடியில் உள்ள சின்னச் சிரைகள் கிழிந்து இரத்தம் தேங்குவதும் உண்டு. அப்போது ஒரு விசேஷமான மாற்றம் தெரியும்: நேற்று வரை படுத்தால் போன வலி இன்று படுத்தாலும் போகாது. அந்த ஒரு மாற்றத்தைச் சொன்னாலே உடனே தலை ஸ்கேன் எடுக்க வேண்டும். காய்ச்சல், வலிப்பு, பார்வை மங்கல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், இரத்த அழுத்தம் 140-க்கு மேல், இதில் எது இருந்தாலும் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

அழுத்தம் குறைந்த தலையா, அழுத்தம் கூடிய தலையா? வைத்தியம் இரண்டுக்கும் நேர் எதிர். இந்த இடத்தில்தான் அல்ட்ராசவுண்ட் வருகிறது, அதுவும் எதிர்பார்க்காத வழியில், கண் வழியாக. மண்டை ஓட்டுக்குள் ஒலி அலை எளிதில் போகாது. ஆனால் பார்வை நரம்பு மூளையின் நீட்சி. மூளையைச் சுற்றியுள்ள அதே உறை, அதே நீர், பார்வை நரம்பைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்குப் பின்புறம் வரை வருகிறது. மூளைக்குள் அழுத்தம் கூடினால் அந்த உறை உப்பும், குறைந்தால் சுருங்கும். 1990-களில் ஜெர்மனியில் ஹான்சென், ஹெல்ம்கே இருவரும், முதுகுவழி நீர் செலுத்தி அழுத்தத்தை ஏற்றும்போது இந்த உறை கூடவே விரிவதை அல்ட்ராசவுண்டில் பார்த்துக் காட்டினார்கள். இறுக மூடிய வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஜன்னல் திரை அசைவதை வைத்துத் தெரிந்துகொள்வது போல.

செய்முறை எளிது, ஐந்து நிமிடம் போதும். நோயாளி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். இமை மேல் மெல்லிய ஒட்டுத்தாள், அதன் மேல் தாராளமாக ஜெல். கை கால் நரம்புகளைப் பார்க்கும் அதே நேர்க்கோட்டுப் புரோபை, அதாவது மெஷினின் கையில் பிடிக்கும் முனையை, இமையில் படுகிற மாதிரி, ஆனால் கண்ணை அழுத்தாமல், கை முழுவதும் நெற்றியில் ஊன்றிக்கொண்டு வைக்க வேண்டும். திரையில் கண் ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரியும், அதன் பின்னால் நரம்பு ஒரு கறுப்புப் பட்டையாக இறங்கும். கண்ணின் பின்சுவரிலிருந்து சரியாக 3 மில்லிமீட்டர் தள்ளி, அந்தப் பட்டையின் குறுக்களவை உறையோடு சேர்த்து அளக்கிறோம். அந்த 3 மில்லிமீட்டர் தூரத்தில்தான் உறை அதிகமாக உப்பிச் சுருங்கும். இரண்டு கண்ணிலும், கிடைமட்டமாகவும் நெடுக்காகவும் அளந்து சராசரி எடுப்பது வழக்கம். கண்ணுக்கு என்று மெஷினில் இருக்கும் குறைந்த சக்தி அமைப்பைப் போட்டுக்கொண்டு, சீக்கிரம் முடித்துவிட வேண்டும். கதிர்வீச்சு இல்லை, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

பொதுவாகப் பெரியவர்களுக்கு இந்த அளவு 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும், 5-லிருந்து 6-க்குள் போகப் போகச் சந்தேகம், அதற்கு மேல் அழுத்தம் கூடியிருக்கலாம் என்ற எச்சரிக்கை. ஊசித் தலைவலி உள்ளவர்களிடம் உறை சுருங்கியிருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் ஒரு பிரெஞ்சுக் குழு, இரத்த ஒட்டு வைத்தியம் (நோயாளியின் இரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்தித் துளையை அடைப்பது) செய்த சில நிமிடங்களிலேயே உறை விரிந்து, தலைவலி குறைவதோடு அது சேர்ந்து போவதை ஒரு சின்ன ஆய்வில் காட்டியது. தானாகவே முதுகில் கசிவு ஏற்படும் வேறொரு நோய் உள்ளவர்களைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்தபோது, நின்றதும் உறை சுருங்குவது தெரிந்தது. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது, நோயாளி வாயால் சொல்வதையே மெஷினும் சொல்கிறது.

ஆனாலும் இந்த எண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. நாம் பேசிக்கொண்டிருப்பது அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை. கை கொஞ்சம் சாய்ந்தால் அளவு மாறும், ஒருவர் அளந்ததும் இன்னொருவர் அளந்ததும் ஒத்துப்போகாது, ஆளுக்கு ஆள் இயல்பான அளவும் வேறு. 4.3 என்று வந்தால் அது கசிவினால் சுருங்கியதா, அவருக்குப் பிறவியிலேயே அப்படியா என்று ஒற்றை அளவை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்: ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த அளவோடு, அல்லது படுத்த அளவை உட்கார்ந்த அளவோடு, அல்லது வைத்தியத்துக்கு முன்னும் பின்னும். உறை சின்னதாக இருப்பதை வைத்து நான் நிம்மதி அடைவதில்லை. பெரிதாக இருந்தால் மட்டும் உடனே நிமிர்ந்து உட்காருகிறேன். ஊசித் தலைவலி என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டிய பெண்ணுக்கு உறை உப்பியிருந்தால், கதை வேறு என்று அர்த்தம். கர்ப்பகால இரத்த அழுத்த நோய் உள்ள பெண்களிடம் உறை விரிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அங்கே இரத்த ஒட்டு போடப் போவதற்கு முன் நிறுத்தி, இரத்த அழுத்தத்தைப் பார்த்து, எம்ஆர்ஐ எடுத்துச் சிரைகளைப் பார்க்க வேண்டும். என் பார்வையில் இந்த ஸ்கேனின் உண்மையான பயன் அங்கேதான். 2023-ல் பல நாட்டு மயக்க மருந்துச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், நோயாளியின் கதையைக் கேட்டும் உடம்பைப் பார்த்தும்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. வலி வழக்கத்துக்கு மாறாக இருந்தால் படம் எடுக்கச் சொல்கிறது.

காதுக்கு முன்னால் உள்ள நெற்றிப் பொட்டின் மெல்லிய எலும்பு வழியாக மூளையின் நடுத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளரில், அதாவது ஓட்டத்தை அளக்கும் அல்ட்ராசவுண்டில், பார்க்கும் முறையும் இருக்கிறது. குழாய்கள் விரிவது வலிக்கு ஒரு காரணம் என்றால் அந்த ஓட்டத்தில் மாற்றம் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் பார்க்கிறார்கள். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, நம் வார்டுகளுக்கு அது இன்னும் வரவில்லை.

ஊசி போடும் முன்பே முதுகை ஸ்கேன் செய்து பார்ப்பது என்பது இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருகிறது. இடுப்பெலும்பின் இரண்டு மேல் விளிம்புகளையும் கையால் தொட்டு, நடுவில் கோடு போட்டு இடம் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பழக்கம். உடல் பருமன் உள்ளவர்களிடமும் நிறைமாத கர்ப்பிணிகளிடமும் அந்தக் கணக்கு ஓர் எலும்பு மேலே தவறிவிடுவது சாதாரணம். ஸ்கேனில் நடுக்கோடும், எலும்புகளின் இடைவெளியும், உறை எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். முதல் குத்திலேயே முடிந்தால் இரண்டாவது மூன்றாவது துளை இல்லை. துளை குறைந்தால் கசிவும் குறையும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, நோயாளிகளுக்கு அது தெரியாது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாட்டில் அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவில்லாத இடத்தில் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் என்னைப் போல ஊர் ஊராகப் போகும் மயக்க மருந்து டாக்டர் ஒரு கையடக்க மெஷினை பைக்கின் பெட்டியில் போட்டுக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்கும் வில்லியனூருக்கும் போய்க் கண்ணைப் பார்க்க முடியாது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த இடம். கடலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் நல்ல மெஷின்களுக்கும் நல்ல கைகளுக்கும் குறைவில்லை. குறை, தலைவலியோடு வீட்டில் கிடக்கும் பெண் அங்கே போய்ச் சேர ஐந்து நாள் ஆவதில் இருக்கிறது.

வைத்தியம் என்ன? முதலில் பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகள், டாக்டர் சொன்ன அளவில். காபி உதவும், ஏனென்றால் காஃபீன் விரிந்த குழாய்களைச் சுருக்குகிறது. ஆனால் அது சில மணி நேர உதவிதான், துளையை மூடாது. பால் கொடுக்கும் தாய் நாளைக்கு 200-லிருந்து 300 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் போகக் கூடாது, பிள்ளை தூங்காது. பின்மண்டை நரம்புக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்து மருந்து போடுவது இப்போது பரவி வருகிறது. கழுத்தின் பின்புறம் இரண்டு தசைகளுக்கு நடுவே அந்த நரம்பு ஓடுவதைத் திரையில் பார்த்துப் பக்கத்தில் மருந்தை விடலாம். சிலருக்கு நல்ல நிவாரணம், அதற்குள் துளையும் தானாக மூடிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வலி தானாகவே போய்விடுகிறது. அதைச் சொல்லியே “பொறுத்துக்கோம்மா” என்று அனுப்பிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு இரண்டு வாரம் என்பது மிக நீளம், சிலருக்கு, முக்கியமாகத் தடித்த ஊசி துளைத்தவர்களுக்கு, இந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும் தலைவலியாக மாறுவதும் பதிவாகியிருக்கிறது.

எழுந்திருக்கவே முடியாத வலிக்கு இரத்த ஒட்டு. முதுகில் ஊசி போட்டபோது கொஞ்சம் இரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வருகிறதே என்று கவனித்த ஜேம்ஸ் கோர்ம்லி என்ற அமெரிக்க டாக்டர் 1960-ல் இதைத் தொடங்கினார், அப்போது இரண்டு மூன்று மில்லிதான். 1970-ல் டிஜியோவானியும் டன்பாரும் 10 மில்லிக்கு ஏற்றினார்கள். இன்று 15-லிருந்து 20 மில்லி. நோயாளியின் கையிலிருந்தே சுத்தமான முறையில் இரத்தம் எடுத்து, துளை விழுந்த இடத்துக்கு அருகில், உறைக்கு வெளியே, மெதுவாகச் செலுத்துகிறோம். முதுகில் இறுக்கம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அந்த இரத்தம் முதலில் உறையை வெளியிலிருந்து அழுத்தி நீரை மேலே தள்ளுகிறது, அதனால்தான் பலருக்கு மேஜையிலேயே வலி விடுகிறது. அப்புறம் உறைந்து ஓட்டையை அடைக்கிறது. காய்ச்சலோ இரத்தம் உறையாத கோளாறோ இருந்தால் செய்யக் கூடாது. சில நாள் முதுகு வலிக்கும். சிலருக்கு இரண்டாவது முறை தேவைப்படும்.

நெல்லிக்குப்பத்துப் பெண்ணை அன்று மாலையே புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு வரச் சொன்னேன், காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டே வந்தார். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை, கண் ஸ்கேனில் உறை உப்பவில்லை. மறுநாள் காலை இரத்த ஒட்டு. முடிந்து இரண்டு மணி நேரம் படுக்க வைத்து எழுப்பினோம். கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார், வலி வருகிறதா என்று காத்திருக்கிறார் என்று புரிந்தது. வரவில்லை. பக்கத்தில் நின்ற அவர் அம்மா, நான் சொன்ன ஊசி, உறை, கசிவு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப தலைக்கு எப்ப சார் ஊத்தலாம்?” என்றார்.

“நாளைக்கே ஊத்துங்கம்மா. ஆனா ரெண்டு வாரத்துக்குத் தண்ணிக் குடத்த மட்டும் தூக்க விடாதீங்க. திரும்ப வலிச்சா, ராத்திரியா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க.”